பண்ருட்டியில் தூங்கிய உயிலும் செம்மண்டலத்து நான்கு சென்ட்டும்

கடலூரில் மனை வாங்க வருபவர்களில் பலர் வழக்கறிஞரான என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், இங்கே உயிலுக்குப் புரொபேட் வேண்டுமா?" புரொபேட் என்பது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று. இங்கே வேண்டாம் என்பதுதான் சரியான பதில். ஆனால் அந்தப் பதிலோடு எல்லாம் முடிந்துவிடாது என்பதைக் காட்டிய ஒரு வழக்கை எழுதிவைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

கடலூரின் செம்மண்டலம் பகுதியில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் இருந்தார். மனைவி முன்பே காலமானவர். இரண்டு மகன்கள், ஒரு மகள். மகள் கணவரை இழந்தபின் தந்தையோடு வந்து தங்கிவிட்டார். சொத்து என்று சொன்னால், செம்மண்டலத்தில் வீடும் அதன் பின்னால் எட்டு சென்ட் காலி இடமும், சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீடும். எல்லாம் அவர் சுயமாகச் சம்பாதித்தவை.

2004 மே மாதம் அவர் பண்ருட்டி சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் உயிலைப் பதிவு செய்தார். செம்மண்டலத்துச் சொத்து முழுவதும் மகளுக்கு. திருவல்லிக்கேணி வீடு மூத்த மகனுக்கு. இளைய மகனுக்கு ஏற்கெனவே நிலம் எழுதிக் கொடுத்துவிட்டதால் வங்கி வைப்புத்தொகை மட்டும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு பிள்ளைகளின் தாய்மாமனுக்கு. பண்ருட்டியில் முந்திரித் தோப்பு வைத்திருந்த அவரிடமே அசல் உயிலை ஒரு கவரில் ஒட்டிக் கொடுத்து, "பிள்ளைகள் சண்டை போட்டால் மட்டும் எடுங்கள், மச்சான்" என்று சொல்லியிருக்கிறார்.

2009-இல் அவர் இறந்தார். பிள்ளைகள் சண்டை போடவில்லை. எனவே மாமாவும் எடுக்கவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது மாமாவின் தோப்பு முழுவதும் சாய்ந்தது. ஓட்டுக் கூரையும் போய்விட்டது. கவர் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, உயிலின் இரண்டாம் பக்கத்து ஓரம் முழுவதும் பழுப்பேறியது. அந்தக் கறையைப் பற்றி நீதிமன்றத்தில் பிறகு நிறையப் பேச வேண்டியிருந்தது.

இரண்டு விற்பனைகள்

2014-இல் மூவரும் சேர்ந்து பின்பக்கக் காலியிடத்தைக் கிழக்கு மனை, மேற்கு மனை என நான்கு நான்கு சென்ட்டாகப் பிரித்தார்கள். வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றில் மூவர் பெயரும் இருந்தது. அதைக் காட்டிப் பட்டாவும் மூவர் பெயருக்கு மாறியது.

கிழக்கு மனை 2014 ஜூன் மாதம் விற்பனையானது. அண்ணன், தம்பி, அக்கா மூவரும் சார்பதிவாளர் முன் நேரில் நின்று கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள்.

மேற்கு மனைக்கு ஆள் கிடைத்த நேரத்தில், அக்காவான அந்த அம்மாளின் மகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. அவர் பெங்களூருக்குப் புறப்பட வேண்டும். திரும்பி வர எத்தனை மாதமாகும் என்று தெரியாது. எனவே 2015 ஜனவரியில், 3 லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் ஒரு விடுதலைப் பத்திரத்தைச் சகோதரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மார்ச் மாதம் சகோதரர்கள் இருவரும் மேற்கு மனையை 9 லட்சத்துக்குக் கிரயம் செய்தார்கள். சகோதரிக்குக் கொடுத்தது போக ஆளுக்கு 3 லட்சம் நின்றது.

வாங்கியவர் புதுச்சேரியில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா என்று ஒருவர் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அன்று அவருக்கு உரிமை ஆய்வு செய்து கொடுத்தவன் நானல்லன். ஆனால் நானாக இருந்திருந்தாலும் அதே கருத்தைத்தான் கொடுத்திருப்பேன்.

உயில் வெளியே வந்த விதம்

2018-இல் மூத்த மகன் திருவல்லிக்கேணி வீட்டை விற்க முனைந்தார். தம்பி தன் பங்காக மூன்றில் ஒன்றைக் கேட்டார். பேச்சு முற்றி, ஒரு காதுகுத்து விழாவில் பந்திக்கு முன்னால் கைகலப்பு வரை போயிற்று. பதினான்கு ஆண்டுகளாகக் காத்திருந்த நிபந்தனை இப்போது நிறைவேறிவிட்டது என்று மாமா முடிவு செய்தார். மறுவாரம் கவரைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார்.

உயிலால் மூத்தவருக்கு லாபம். ஆனால் திருவல்லிக்கேணி வீடு சென்னை உயர்நீதிமன்றத்தின் அசல் உரிமையியல் அதிகார எல்லைக்குள் இருந்தது. இந்துக்கள் எழுதும் உயிலில் அந்த எல்லைக்குள் உள்ள அசையாச் சொத்து இருந்தால், உயில் எங்கே எழுதப்பட்டதாக இருந்தாலும், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் 57, 213 ஆகிய பிரிவுகளின்படி அன்று புரொபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட முடியாது என்ற நிலை இருந்தது. கடலூர்ச் சொத்துக்கு இந்தக் கட்டாயம் இருக்கவில்லை. ஒரே தாளில் எழுதிய இரண்டு சொத்துகளில் ஒன்றுக்குத் தேவை, இன்னொன்றுக்குத் தேவையில்லை.

2019 ஜூலையில் மாமா கடலூர் மாவட்ட நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தார். உயில் எழுதியவர் இறக்கும்போது குடியிருந்த ஊர் என்பதால் இங்கே தாக்கல் செய்ய முடியும். இளைய மகன் ஆட்சேப மனுவான கேவியட் போட்டார். ஆட்சேபம் வந்தால் புரொபேட் மனு வழக்காக மாறி, சாட்சி, குறுக்கு விசாரணை என்று முழு விசாரணை நடக்கும். இதுவும் அப்படியே மாறியது.

என் மேசைக்கு வந்தபோது

2019 செப்டம்பரில் மேற்கு மனைக்காரர் வந்தார். ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி ஒன்றில் பத்திரங்களை அடுக்கி வைத்திருந்தார். மேலே தமிழ் நாளிதழிலிருந்து வெட்டிய நீதிமன்ற அறிவிப்பு. கிழக்கு மனைக்காரர் டீக்கடையில் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தாராம். வீடு கட்ட வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்திருந்த நேரம் அது. அறிவிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதும் வங்கியின் வழக்கறிஞர் கோப்பை நிறுத்திவைத்துவிட்டார்.

அவருடைய முதல் கேள்வி: "வில்லங்கச் சான்று 1980 முதல் எடுத்தேன், சார். இந்த உயில் ஏன் அதில் வரவில்லை?"

வராது. அசையாச் சொத்து பற்றிய கிரயம், அடமானம், விடுதலை போன்ற பத்திரங்கள் பதிவு அலுவலகத்தில் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். வில்லங்கச் சான்று அதைப் பார்த்துத்தான் தரப்படுகிறது. உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே நகல் கிடைக்கும். இறந்தபின் யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்து வாங்கலாம். ஆனால் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது? உயிலைச் சொத்து இருக்கும் எல்லைக்குள்தான் பதிய வேண்டும் என்பதில்லை. இவர் மனை கடலூரில், உயில் பண்ருட்டியில்.

பிறகு இரண்டு மனைகளின் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இந்த வழக்கின் கரு அங்கேதான் இருந்தது.

கிழக்கு மனைக் கிரயத்தில் மூவரும் விற்பவர்கள். சொத்தில் தங்களுக்குள்ள "சகல பாத்தியதைகளையும்" விற்பதாக எழுதியிருந்தது. உயில் உண்மையானால் அந்த அம்மாள்தான் 2009 முதல் முழு உரிமையாளர். முழு உரிமையாளரே கையெழுத்திட்டுவிட்டார். சகோதரர்கள் உடன் கையெழுத்திட்டதால் குறையொன்றும் இல்லை. உயில் பொய்யானாலோ மூன்று வாரிசுகளும் விற்றிருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் கிழக்கு மனைக்காரருக்கு உரிமை வந்துசேர்ந்துவிட்டது.

மேற்கு மனையின் விடுதலைப் பத்திரத்திலோ, "மேற்படி சொத்தில் வாரிசு என்ற முறையில் எனக்குள்ள 3-இல் 1 பாகப் பாத்தியதையை" விடுவிப்பதாக இருந்தது. உயில் உண்மையானால், மகள் மூன்றில் ஒரு பாகத்தை மட்டும் விட்டுக்கொடுத்திருக்கிறார். மீதி இரண்டு பாகம் அவரிடமே நிற்கிறது. அந்த இரண்டு பாகத்தைத் தமக்கு உரிமையே இல்லாத சகோதரர்கள் விற்றிருக்கிறார்கள். புரொபேட் எப்போது கிடைத்தாலும் அது உயில் எழுதியவர் இறந்த நாளிலிருந்தே உயிலை நிலைநாட்டுகிறது (பிரிவு 227). 2022-இல் கிடைத்தாலும் 2015 விற்பனையை அது பின்னால் போய்த் தொடும்.

நமக்குச் சாதகமாகவும் ஒரு வரி இருந்தது. "எங்கள் தகப்பனார் உயில் எதுவும் எழுதி வைக்காமல் காலமாகிவிட்டபடியால்" என்று அந்த அம்மாளே அந்தப் பத்திரத்தில் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் மனை வாங்கினோம், இப்போது மாற்றிச் சொல்ல முடியாது என்று முரண்தடை வாதம் வைக்கலாம். நல்ல வாதம்தான். ஆனால் எந்த வங்கியும் வாதத்தை ஈடாக எடுத்துக்கொள்வதில்லை.

எடுத்த முடிவுகள், அவற்றில் ஒரு தவறு

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். 2019 அக்டோபரில் மூவருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். சகோதரர்களுக்கு அனுப்பியது சரி. உரிமை இருப்பதாகச் சொல்லி விற்றவர்கள் அவர்கள். ஆனால் அதே கடுமையான வாசகத்தில் அந்த அம்மாளுக்கும் போயிற்று. "உயிலை மறைத்து எங்கள் கட்சிக்காரரை ஏமாற்றி" என்று எழுதியிருந்தேன். அவருக்கு உயில் இருப்பதே தெரியாது. பத்திர எழுத்தர் வழக்கமாகப் போடும் வரியைப் போட்டார், இவர் கையெழுத்திட்டார். அந்த நோட்டீஸுக்குப் பின் எட்டு மாதம் அவர் எங்கள் தரப்பில் யாரோடும் பேசவில்லை.

இரண்டாவது முடிவு, புரொபேட் வழக்கில் தலையிட வேண்டாம் என்பது. வாரிசுகளிடம் வாங்கியவர் என்ற முறையில் உயிலை எதிர்த்துக் கேவியட் போட எங்களுக்கும் இடம் இருந்தது. கட்சிக்காரர் அதைத்தான் விரும்பினார். நான் பண்ருட்டிக்குப் போய் 3-ஆம் புத்தக நகலை எடுத்துப் பார்த்தேன். நீர்க்கறை பட்ட அசலுக்கும் நகலுக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. கையெழுத்தும் அவருடைய ஓய்வூதியப் படிவங்களில் உள்ளதைப் போலவே இருந்தது. உண்மையான உயிலைப் பொய் என்று சொல்லி இளைய மகனோடு கைகோத்தால், தோற்ற பிறகு அந்த அம்மாளிடம் எந்த முகத்தோடு போவது? அதோடு, புரொபேட் நீதிமன்றம் உயில் மெய்யா என்பதை மட்டும்தான் பார்க்கும். மனை யாருக்கு என்று அது தீர்மானிக்காது. மனை கையில் இருக்கிறது. அதை மீட்க வேண்டுமானால் அந்த அம்மாள் தனி வழக்குப் போட வேண்டும்.

மூன்றாவது முடிவைச் சொன்னவர் கட்சிக்காரரின் மனைவி. 2020 ஜூனில், ஊரடங்கு சற்றுத் தளர்ந்தபோது, என்னைக் கேட்காமலேயே அந்த அம்மாள் வீட்டுக்குப் போய்விட்டார். "அம்மா, நோட்டீஸ் அனுப்பியது தப்பு. வீடு கட்டலாமா வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றாராம். அவர் காபி கொடுத்து உட்காரவைத்து, "இடம் எனக்கு வேண்டாம். ஆனால் என் தம்பிகள் என் இடத்தை விற்ற பணத்தை வைத்திருக்கிறார்கள். அது வரட்டும்" என்றிருக்கிறார். நான் மூன்று பக்கம் எழுதிய நோட்டீஸால் ஆகாத காரியம் அந்தக் கூடத்தில் ஆனது.

நெல்லிக்குப்பத்தில் ஒரு காலை

உயிலில் சான்றொப்பமிட்ட இருவரில் ஒருவர் 2012-இல் இறந்துவிட்டார். மற்றவர் நெல்லிக்குப்பத்தில் 84 வயதில் படுத்த படுக்கையாக இருந்தார். சான்றொப்பமிட்டவர்களில் உயிரோடு இருக்கும் ஒருவரையாவது விசாரிக்காமல் உயிலை மெய்ப்பிக்க முடியாது. பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். தாமதம் உண்மையில் தின்பது இந்தச் சாட்சிகளைத்தான். இன்னும் ஓராண்டு போயிருந்தால் கையெழுத்து தெரிந்தவர்களைத் தேடி அலைய வேண்டியிருந்திருக்கும்.

2021 பிப்ரவரியில் நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் அவர் வீட்டுக்கே போய்ச் சாட்சியம் பதிவு செய்தார். நான் வேடிக்கை பார்க்கும் தரப்பாக வாசலோரம் நின்றேன். பெரியவருக்கு உயிலின் வாசகம் படிக்கத் தெரியவில்லை, கண் போய்விட்டது. பூதக்கண்ணாடியைக் கொடுத்ததும் தன் கையெழுத்தை மட்டும் தடவித் தடவிப் பார்த்தார். "ழகரத்தை இப்படி வாலை நீட்டிப் போடுவது நான் மட்டும்தான்" என்றார். எழுதியவர் உங்கள் கண்முன் கையெழுத்திட்டாரா என்ற கேள்விக்கு, "அவர் போட்டார், நான் பார்த்தேன். நான் போட்டேன், அவர் பார்த்தார். பிறகு வாசலில் பலாச்சுளை வாங்கிக் கொடுத்தார்" என்றார்.

இளைய மகனின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் விடவில்லை. எந்த மாதம் என்றார். பலா வரும் மாதம் என்றார் பெரியவர். பதிவு முத்திரையில் மே 2004 என்று இருந்தது.

பத்தாண்டுத் தாமதத்தை மாமாவிடம் கேட்டார்கள். புரொபேட் மனுவுக்கும் மூன்றாண்டுக் காலவரம்பு பற்றிய, காலவரம்புச் சட்டத்தின் 137-ஆம் உறுப்பு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தக் காலம் இறந்த நாளிலிருந்துதான் ஓட வேண்டும் என்பதில்லை. நீண்ட தாமதம் சந்தேகத்தைக் கிளப்பும், அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். கிழக்கு மனையின் பூமி பூஜைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனீர்களே, அப்போது ஏன் வாய் திறக்கவில்லை என்பது கடினமான கேள்வி. "அன்றைக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்" என்பதுதான் அவர் பதில். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. என் சொந்த எண்ணத்தில் அவர் செய்தது தவறு. வாக்கைக் காப்பாற்றினார், ஆனால் அதற்கு விலை கொடுத்தவர் அந்தக் குடும்பத்தைச் சேராத ஒருவர்.

முடிவு

2022 ஆகஸ்டில் புரொபேட் கிடைத்தது. இளைய மகன் மேல்முறையீடு செய்யவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் அந்த அம்மாள் மேற்கு மனையை எங்கள் கட்சிக்காரருக்கு நேரடியாகக் கிரயம் எழுதிக் கொடுத்தார். தொகை 6 லட்சம், அதாவது சகோதரர்கள் வைத்துக்கொண்ட பணம். மூத்தவர் தன் 3 லட்சத்தைக் கொடுத்துவிட்டார். திருவல்லிக்கேணி வீடு கைக்கு வந்த மனநிறைவு அதற்கு உதவியது. இளையவரின் 3 லட்சத்தைக் கட்சிக்காரரே கொடுத்தார். அதில் இதுவரை ஒரு லட்சம் திரும்பி வந்திருக்கிறது.

பத்திரத்தில் எவ்வளவு பாகம் எழுதுவது என்பதில் சிறிது விவாதம் நடந்தது. மீதியுள்ள இரண்டு பாகம் என்று எழுதினால் செலவு குறையும். அன்று முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். வழிகாட்டி மதிப்பு 12 லட்சத்துக்கு 1,32,000 ரூபாய். இரண்டு பாகத்துக்கு என்றால் 88,000. கட்சிக்காரர் 44,000 ரூபாயை மிச்சப்படுத்தலாமே என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாகம் என்ற சொல்லால்தான் இவ்வளவும் நடந்தது. மனை முழுவதையும், வாரிசு வழியாகவோ உயில் வழியாகவோ வேறு எவ்வகையிலோ உள்ள எல்லா உரிமையோடும் விற்பதாக எழுதினோம்.

2023 தை மாதம் கடன் கிடைத்தது. கட்டுமானச் செலவு 2019 மதிப்பீட்டைவிட எவ்வளவு கூடியது என்று அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். எனக்குக் காட்டவில்லை.

இன்று செய்வதானால்

அந்த அம்மாளுக்கு நோட்டீஸ் அனுப்பமாட்டேன். முதலில் நேரில் போவேன்.

வாரிசுகளில் ஒருவர் ஊரில் இல்லை என்று விடுதலைப் பத்திரத்தோடு வருபவர்களிடம், அவர் வரும்வரை பொறுங்கள், அல்லது இந்தக் கிரயத்துக்கென்றே தனி அதிகாரப் பத்திரம் வாங்கி அவரையும் விற்பவராகச் சேருங்கள் என்கிறேன். விடுதலைப் பத்திரம்தான் வழி என்றால் பாகக் கணக்கைத் தூக்கிவிட்டுச் சகல உரிமையையும் எழுதச் சொல்கிறேன். "உயில் இல்லை" என்ற வரியைப் பத்திர எழுத்தர் போடுவதற்கு முன், ஒவ்வொரு வாரிசிடமும் தனித்தனியாகக் கேட்கிறேன். இறந்தவர் வாழ்ந்த ஊர், வேலை பார்த்த ஊர், மனைவியின் பிறந்த ஊர் ஆகிய மூன்று இடங்களின் பதிவு அலுவலகத்திலும் 3-ஆம் புத்தகத்தைத் தேடச் சொல்கிறேன். இந்த வழக்கில் மூன்றாவது இடத்தில் கிடைத்திருக்கும். தாய்மாமன் இருந்தால் அவரையும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 213-ஆம் பிரிவை நீக்கிவிட்டது. திருவல்லிக்கேணி வீட்டுக்கும் இனி புரொபேட் கட்டாயமில்லை. சென்னையில் உள்ள நண்பர்கள் இதைச் சுமை இறங்கியதாகப் பார்க்கிறார்கள். இந்த வழக்கில் உயில் நாளிதழில் அறிவிப்பாக வெளியானதே அந்தப் பிரிவின் கட்டாயத்தால்தான். அது இல்லாதிருந்தால் மூத்தவர் கவரோடு சென்னைக்குப் போயிருப்பார். எங்கள் கட்சிக்காரர் வீட்டைக் கட்டி முடித்துக் குடியேறிய பிறகே செய்தி தெரிந்திருக்கும்.

சென்ற மாதம் கிழக்கு மனைக்காரர் ஒரு வேலையாக இரண்டு மனைகளுக்கும் புதிய வில்லங்கச் சான்று எடுத்துவந்தார். 2022 கிரயம் அதில் ஏறியிருக்கிறது. உயில் அதில் இன்றும் இல்லை.